ஈயத்தாள் ஒட்டிய சுவர்

எழுத்துத் துறைக்கு முற்றிலும் புதியவளாகிய நான், கதை சொல்லத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். ஆய்வுகூட உதவியாளராகிய எனக்கு அறிக்கை எழுதியே பழக்கம். ஆயினும், கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் வீரம்மா கேட்ட கேள்விக்கு எந்த அறிக்கையிலும் இடம் கிடைக்கவில்லை.

அது எண்பத்து மூன்றாம் ஆண்டு. அன்றாட மின்சாரத்தின் காந்தப்புலம் மனிதக் கலங்களின் டி.என்.ஏ.யைச் சேதப்படுத்துமா என்பதை, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எங்கள் ஆய்வாளர் விமலநாதன் ஆராய்ந்துகொண்டிருந்தார். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், வீரம்மாவின் அறைப் பின்சுவரை ஒட்டியே தேயிலைத் தொழிற்சாலையின் ட்ரான்ஸ்போமர் நின்றது. அவருக்கு இருமுறை கரு கலைந்திருந்தது. இப்போது மீண்டும் கருவுற்றிருந்தார். இரத்தம் எடுக்கச் சென்ற எங்களிடம் கையை நீட்டியபடியே கேட்டார்.

"இந்த ரூமுல இருக்கலாமா, கூடாதாம்மா? கூடாதுன்னு நீங்க எழுதிக் குடுத்தா தோட்டத்துத் தொரை வேற ரூம் தருவாரு."

அவருடைய கணவர் இராமையா, தேயிலைப் பெட்டியின் உட்புறத்தில் இடும் ஈயத்தாளை அச்சுவர் முழுவதும் ஒட்டியிருந்தார்.

"தேயிலைக்கே ஈரம் ஏறாம காக்குதுங்க. புள்ளயக் காக்காதா?"

காந்தப்புலம் அத்தாளை ஊடுருவிச் செல்லும் என்று விமலநாதன் தயங்கித் தயங்கி விளக்கினார்.

"அப்ப இவரு மொகம் பாத்துச் சவரம் பண்ணத்தான் ஆகும்," என்று வீரம்மா சிரித்தார்.

இரத்தத்தின் வெண்குருதிக் கலங்களை இரு தொகுதிகளாக்கி, மின்சாரத்தால் சூடாகும் அடைகாக்கும் பெட்டியில் வளர்த்தோம். மேல்தட்டுத் தொகுதியைச் சுற்றி மின்னோடும் கம்பிச் சுருள். கீழ்த்தட்டுத் தொகுதி, ஒப்பீட்டுக்காக, சுருளின்றி இருந்தது. நுணுக்குக்காட்டியில், டி.என்.ஏ.யைச் சுமக்கும் நிறமூர்த்தங்களின் முறிவுகளை எண்ணினோம். இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு.

"பயமில்லை எண்டு வீரம்மாவுக்குச் சொல்லலாம்," என்றார் விமலநாதன்.

அலவத்துகொடவிலிருந்து வந்து எங்களுடன் பணியாற்றிய கைரியா உடன்படவில்லை. மேல்தட்டுச் சுருளை நிறுத்திவிட்டு, வேறொரு சிறு சுருளை மின்மானியுடன் இணைத்துக் கீழ்த்தட்டில் வைத்தார். முள் அசைந்தது.

"கோபிக்க வாணாம் சேர். பெட்டிய சூடாக்குறதும் கரண்டுதானே? சும்மா வெச்ச கலத்துக்கும் புலம் பட்டிருக்கு. நனைஞ்ச ஒருத்தன நனைஞ்ச இன்னொருத்தனோட ஒப்பிட்டிருக்கோம்."

விமலநாதன் கதிரையில் அமர்ந்தார். "ஓம். அப்ப எங்களுக்கு ஒண்டும் தெரியாது."

அதையே வீரம்மாவிடம் சொல்ல நேர்ந்தது. "தெரியாதுன்னு எழுதிக் குடுத்தா தொரை ரூம் தரமாட்டாரேம்மா," என்றார் அவர்.

ஆகையால் யூலையில் மீண்டும் தொடங்கினோம். இம்முறை இரு தொகுதிகளையும் வெந்நீர்ப் பெட்டிகளில் வைத்தோம். ஒப்பீட்டுத் தொகுதி மின்கம்பியே இல்லாத பழைய களஞ்சிய அறையில் இருந்தது. கலங்கள் மூன்று நாள் வளர வேண்டும். நீர் ஆற ஆற மாற்ற வேண்டும். இரண்டாம் நாள் இனக்கலவரத்தில் கண்டியின் தமிழர் கடைகள் எரிந்தன. ஊரடங்குச் சட்டம் வந்தது. விமலநாதனும் நானும் அகதி முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டோம். கைரியாவுக்கு வர பஸ் இல்லை. நீரை மாற்ற ஒருவரும் இல்லை.

முகாமில் வீரம்மாவைக் கண்டேன். லயத்துக்குத் தீ வைத்திருந்தார்கள். ஓடிவந்த வழியில் பிரிந்த இராமையாவின் தம்பி சின்னமுத்துவைக் காணவில்லை.

"ரூம விட்டு வந்துட்டோம்மா," என்றார் வீரம்மா. "எழுதிக் குடுக்கத்தான் யாரும் தேவப்படல."

குழந்தை முகாமிலேயே பிறந்தது. பெண்; நன்றாக அழுதது. இராமையா என்னிடம் மெல்லக் கேட்டார்.

"அப்ப அந்தச் சுவரு ஒண்ணும் செய்யலைங்களா?"

ஒரு குழந்தையைக் கொண்டு அதைச் சொல்ல இயலாது என்றேன். அவ்வேளையில் அது கடுமையான பதிலாக இருந்திருக்கும். வேறு உண்மையான பதில் என்னிடம் இல்லை. அடுத்த வாரம் அவர்கள் வடக்கே வவுனியாவுக்குப் போய்விட்டார்கள்.

இழந்தவற்றைக் கூறி முடித்துக்கொள்கிறேன். இரண்டாம் சோதனையின் குப்பிகள் அனைத்தும். வெளிநாடு சென்று திரும்பாத விமலநாதன். வீரம்மாவின் அறையும் அதன் சுவரிலிருந்த ஈயத்தாளும். அவர் கேட்ட கேள்விக்கு நாங்கள் தர நினைத்த விடை. சின்னமுத்து.