பூட்டியாச்சாம்

என் வீட்டுக்காரருக்கும் என் தம்பிக்கும் பேச்சு நின்றுபோனதில் தேய்ந்தது என் வாய்தான். "உன் தம்பிய சாப்பிட வரச் சொல்லு" என்று ஒருவர் சொல்வார். "எனக்குப் பசிக்கலன்னு மாமாகிட்ட சொல்லுக்கா" என்று இன்னொருவன் சொல்வான். இரண்டு பேரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல், "இனிமே என்கிட்ட வேணாம், அந்தச் சுவத்துகிட்ட சொல்லுங்க" என்றேன். இவர் நிஜமாகவே சுவரைப் பார்த்து, "சாப்பாட்டுல உப்பு கம்மி" என்றார். தம்பி உப்பு டப்பாவை எடுத்துச் சுவருக்குப் பக்கத்தில் வைத்தான்.

வீட்டோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். எங்கள் மூவருக்கும் வேலையும் ஒன்று. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் உயிர்காக்கும் படகுகளைச் சோதித்துப் பழுது பார்ப்பது. கப்பலின் பக்கவாட்டில், தண்ணீருக்கு மேலே நாலு மாடி உயரத்தில், இரண்டு இரும்புக் கைகளில் தொங்கிக்கொண்டிருக்குமே, ஆரஞ்சு நிறத்தில் மூடின படகு, அதுதான். முன்பக்கம் ஒரு கொக்கி, பின்பக்கம் ஒரு கொக்கி. கப்பலுக்கு ஆபத்து என்றால் ஆட்களை உள்ளே ஏற்றிப் படகைக் கீழே இறக்குவார்கள். தண்ணீரைத் தொட்டதும் உள்ளே இருக்கும் பிடியை இழுத்தால் இரண்டு கொக்கியும் சேர்ந்து திறந்து படகை விடும். தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால் திறந்துகொண்டால் காப்பாற்ற வந்த படகே ஆளைக் கொன்றுவிடும். புயலில் இல்லை, நடுக்கடலில் இல்லை, கரையோரம் கட்டிப்போட்ட கப்பலில், நல்ல வெயிலில், பயிற்சி என்ற பெயரில் அப்படிச் செத்தவர்கள் இருக்கிறார்கள்.

அதனால் எங்களுக்கு ஒரு முறை உண்டு. கொக்கிகளைக் கழற்றிச் சுத்தம் செய்யும்போது படகை இரண்டு காப்புச் சங்கிலிகளில் தொங்கவிடுவோம். வேலை முடிந்து கொக்கியை மாட்டிய பிறகு, உள்ளே இருப்பவன் அதைக் கண்ணால் பார்த்து, "முன்கொக்கி பூட்டியாச்சு" என்பான். கம்பியைச் சுற்றிப் படகைத் தூக்கும் விஞ்சில் நிற்பவர் அதையே திருப்பிச் சொல்வார். பிறகு "பின்கொக்கி பூட்டியாச்சு". அதையும் திருப்பிச் சொல்வார். இரண்டுக்கும் இரண்டு பதில் வந்த பிறகுதான் சங்கிலியில் கை வைப்பது. சொல்பவனுக்கும் கேட்பவருக்கும் நடுவில் ஆள் கூடாது. இதைக் கொண்டுவந்ததே என் வீட்டுக்காரர்தான். வேறு கம்பெனிக்காரர்கள் கிண்டல் செய்தபோதுகூட அவர் மசியவில்லை.

அப்படிப்பட்ட மனுஷன்தான் தம்பியோடு பேச்சை நிறுத்திய மறுநாளிலிருந்து வாக்கி-டாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். கேட்டால், "பேட்டரி நிக்கல" என்றார்.

"பேட்டரி நிக்கலையா, உங்களுக்கு மனசு நிக்கலையா?" என்றேன்.

"உன்கிட்ட ஒண்ணு, அவன்கிட்ட ஒண்ணு இருக்குல்ல? நீ கேட்டுச் சொன்னா போதும்."

சண்டை என்ன என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. தம்பி எங்களை விட்டுவிட்டு ஏதோ ஒரு கப்பலில் வேலைக்கு ஏறப் போகிறான் என்று கயிற்றுக் கடைக்காரர் இவரிடம் சொல்லியிருக்கிறார். "உங்க மச்சான் கப்பல்ல போறாராமே, நீங்க சொல்லவே இல்ல?" இவர் கயிறு வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டார். "போறான், போகல, அது வேற விஷயம். அந்தக் கடைக்காரன் வாயால நான் கேக்கணுமா? என்கிட்ட சொல்ல அவனுக்கு வாய் இல்லையா?" என்று அன்று முழுக்க வீட்டுக்குள் நடந்தார். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்ததை நான் மறுக்கவில்லை. எங்கள் அப்பா இறந்த பிறகு பள்ளிக்கூடப் பையுடன் எங்களோடு வந்து ஒட்டிக்கொண்டவன் தம்பி. அவனுக்கு சைக்கிள் பிடித்து ஓடியதும், முதல் முதலாக முகம் மழிக்கும்போது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதும் இவர்தான்.

தம்பியிடம் தனியாகக் கேட்டேன். "இன்னும் ஒண்ணும் முடிவாகலக்கா. அதுக்குள்ள மாமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாரு. இப்ப நான் எந்த முகத்தோட போய்ப் பேச?" என்றான். முடிவாகவில்லை என்ற அந்த ஒரு சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். முடிவாகவில்லை என்றால் போகவில்லை என்றுதானே அர்த்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்படியே சில நாள் போனது. அன்றைக்குக் கப்பலில் ஏறும்போதே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மதியம் கப்பல் கிளம்ப வேண்டும். சீஃப் ஆபீசர் மணிக்கட்டைப் பார்த்தபடியே எங்களை வரவேற்றார். நான் மனதுக்குள் அவருக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்துவிட்டேன். ஒரு பக்கம் சரக்கு ஏற்றும் கிரேன் கத்திக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் யாரோ துருவைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் சொல்வதே காதில் சரியாக விழவில்லை.

கொக்கிகளைச் சுத்தம் செய்து மாட்டும் வரைக்கும் நன்றாகவே போனது. தம்பி படகுக்குள் இருந்தான். இவர் விஞ்சில், தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு, படகு இருக்கும் பக்கமே பார்க்காமல் நின்றார். நான் நடுவில், கையில் வாக்கி-டாக்கியோடு. கப்பல் ஆட்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு சங்கிலிக்குப் பக்கத்தில் தயாராக இருந்தார்கள்.

"உன் தம்பிகிட்ட கேளு, கொக்கி என்னாச்சுன்னு" என்றார் இவர்.

நான் கேட்டேன். தம்பியின் குரல் கரகரவென்று வந்தது. "முன்னாடி பூட்டியாச்சுக்கா…" அதற்குப் பிறகு அவன் ஏதோ சொன்னான். கிரேன் ஒலி எழுப்பியதில் அது போய்விட்டது. திரும்பக் கேட்கலாம் என்று பொத்தானை அழுத்தினேன். அதற்குள் கடிகாரம் என் தோளுக்குப் பக்கத்தில் வந்து, "எவ்வளவு நேரம்?" என்றார். இவரும் அங்கிருந்து, "என்னவாம்?" என்று கத்தினார்.

"முன்னாடி பூட்டியாச்சாம்! பின்னாடி…"

"பூட்டியாச்சாம்" வரைக்கும்தான் அவர் கேட்டார். மற்ற நாளாக இருந்தால், "பின்னாடி என்னடா?" என்று படகைப் பார்த்து ஒரு சத்தம் போட்டிருப்பார். ஆனால் அதற்கு அவனோடு பேச வேண்டும். மனுஷன் தலையை ஆட்டிவிட்டு விஞ்சை முடுக்கினார். கம்பி இறுகியது, படகின் பாரம் கொக்கிகள் மேல் ஏறியது, சங்கிலிகள் தளர்ந்தன. கப்பல் ஆட்களுக்குக் கையைக் காட்டினார். முன்பக்கத்து ஆள் சங்கிலியைச் சட்டென்று கழற்றித் தளத்தில் போட்டான். பின்பக்கத்து ஆள் திருகாணியைத் திருக ஆரம்பித்தான்.

அந்த நேரத்தில் வாக்கி-டாக்கியில் தம்பியின் குரல் மறுபடி வந்தது. "இதென்ன, கோடு ரெண்டும் ஒட்டலையேக்கா…"

கொக்கி முழுதாகப் பூட்டிக்கொண்டால் அதன் மேல் இருக்கும் இரண்டு சிவப்புக் கோடுகளும் ஒன்றாக ஒட்ட வேண்டும். அவன் இப்போதுதான் பின்கொக்கியைப் பார்க்கப் போயிருக்கிறான். "கழட்டாத! சங்கிலியக் கழட்டாத!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். திருகிக்கொண்டிருந்த ஆள் நான் எதற்கு ஓடி வருகிறேன் என்று புரியாமல் கையை எடுத்தான்.

அவன் கையை எடுத்ததும் பின்கொக்கி திறந்துகொண்டது.

பெரிய சத்தம். படகின் பின்பக்கம் ஒரு சாண் கீழே இறங்கிச் சங்கிலியில் போய் அடித்து நின்றது. உள்ளே எதுவோ உருண்டது. சங்கிலியின் திருகாணி பாதி கழன்ற நிலையில் இருந்தது. அந்தப் பாதியில்தான் என் தம்பி தொங்கிக்கொண்டிருந்தான். கீழே பார்த்தேன். தண்ணீர் இல்லை, கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் கட்டியிருந்த தெப்பத்தின் இரும்பு விளிம்பு தெரிந்தது. கையிலிருந்த வாக்கி-டாக்கியை வெறுமனே அழுத்திக்கொண்டே இருந்தேன். கிரேனும் சுத்தியலும் நின்றுவிட்டிருந்தன.

"டேய்!" இது என் வீட்டுக்காரர். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. "டேய், உசுரோட இருக்கியா? பேசுடா!"

"இருக்கேன் மாமா!"

"அசையாத. இருந்த இடத்துல இரு. முன்கொக்கி பூட்டியிருக்கா?"

"முன்கொக்கி பூட்டியிருக்கு மாமா. நான் பாத்தேன்."

"முன்கொக்கி பூட்டியிருக்கு" என்று இவர் திருப்பிச் சொன்னார். கண்ணில் நீர் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. "பின்கொக்கி?"

"பின்கொக்கி பூட்டல மாமா. அதத்தான் சொன்னேன், பின்னாடி இன்னும் பாக்கலன்னு."

"பின்கொக்கி பூட்டல. நீ சொன்ன. நான் கேக்கலடா. பத்திரமா இரு, வர்றேன்."

விஞ்சின் பிரேக்கைப் போட்டுவிட்டு அவரே ஓடி வந்து, அந்தக் கப்பல் ஆளை ஒதுக்கிவிட்டு, திருகாணியைக் கையால் முழுதாகத் திருகினார். கழற்றிப் போட்டிருந்த முன்சங்கிலியைத் தூக்கி மாட்டினார். அந்தச் சங்கிலியைத் தூக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். மாட்டி முடித்த பிறகுதான் மூச்சு விட்டார். கடிகாரம் எங்கோ தள்ளி நின்றுகொண்டிருந்தார். மணிக்கட்டைப் பார்க்கவில்லை.

"வெளிய வா" என்றார் இவர். தம்பி பக்கக் கதவு வழியாக வெளியே கால் வைத்தான். நெற்றியில் புடைத்திருந்தது. நான் போய் அவனைப் பிடித்துக்கொண்டு முதுகில் இரண்டு போட்டேன். எதற்குப் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

கொஞ்ச நேரம் மூவரும் தளத்திலேயே உட்கார்ந்திருந்தோம். பிறகு இவர் எழுந்து, "வா, என்னன்னு பாக்கலாம்" என்றார், என்னிடம் இல்லை, அவனிடம். சங்கிலிகளை மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் படகுக்குள் போனார்கள். நான் வெளியே விஞ்சுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அவர்கள் உள்ளே வெகு நேரம் இருந்தார்கள். சுரண்டும் சத்தம் கேட்டது, நின்றது. பேச்சுக் குரல் கேட்டது. இரண்டு குரலும் கேட்டன, ஆனால் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. இத்தனை நாள் இவர்கள் பேசியதெல்லாம் என் வழியாகப் போய் என் வழியாக வந்தது. அலுத்துப்போய் எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டிருப்பேன். இப்போது என்னை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள், எனக்கோ நிற்க முடியவில்லை. விஞ்சைச் சுற்றி நடந்தேன். இல்லாத துருவைத் துடைத்தேன். உள்ளே யாரோ சிரித்தார்கள். அதைக் கேட்டதும் சந்தோஷமாக இருந்தது, கூடவே ஏதோ பயமாகவும் இருந்தது.

வெளியே வந்தபோது தம்பியின் உள்ளங்கையில் காய்ந்த பெயிண்ட் சில்லு ஒன்று இருந்தது. கொக்கியின் பூட்டுக்கு அடியில் மாட்டியிருந்ததாம். யாரோ சுரண்டாமலே மேலுக்கு மேலாக அடித்த பெயிண்ட். அதைப் பார்த்துவிட்டு நான் இவர் முகத்தைப் பார்த்தேன். சண்டையின் சுவடே இல்லை. முகம் கழுவிவிட்டு வந்தவர் போல இருந்தார்.

"பேசியாச்சா?" என்றேன்.

"பேசியாச்சு." தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "அவன் கப்பல்ல போறான். அடுத்த மாசம். நல்ல கப்பல்தான். நான் போன்னு சொல்லிட்டேன்."

போறானாம் என்று சொல்லவில்லை. போறான் என்றார். கயிற்றுக் கடையில் கேட்டதிலிருந்து எங்கள் வீட்டில் அது வெறும் 'போறானாம்' என்ற பேச்சாகவே இருந்தது. நானும் அதை அப்படியே வைத்துக்கொண்டு, இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று வேண்டாத தெய்வம் இல்லை. பேசிவிட்டார்கள். சரியாகிவிட்டது. அவன் போகப் போகிறான்.

"என்னக்கா, நீ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற?" என்றான் தம்பி. நெற்றிப் புடைப்பு இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

யார் என்ன சொன்னார்கள் என்று சொல்லிச் சொல்லியே காலம் போனது. எனக்கு என்ன வேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை; நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இவர் தலை குனிந்துகொண்டார். கப்பல் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரேன் நின்றிருந்தது, அந்தத் தளத்தில் அப்போது ஒரு சத்தமும் இல்லை.

"போகாதடா" என்றேன்.

அவனுக்கு அது நன்றாகவே கேட்டது. உள்ளங்கையிலிருந்த பெயிண்ட் சில்லை விரலால் நொறுக்கிக்கொண்டிருந்தான்.