கழனி வழி

உலகநாதனைக் குளிப்பாட்டக் குடத்தில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மகன் பார்த்திபன் போனைக் காதில் வைத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒதுங்கினான். வசந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பன் பிணமாகக் கிடக்கும்போது அப்படி என்ன பேச்சு?

"யார்றா அது?"

"வக்கீல்மா. கழனி வழியா எடுத்துகினு போவாதீங்கன்றாரு. எவனாவது ஒரு போட்டோ எடுத்தா போதுமாம், பொணம் போற பாதைன்னு கோர்ட்ல காட்டிடுவாங்களாம். தார்ரோடு சுத்திதான் போவணும்."

சுடுகாட்டுக்குப் போகும் பழைய பாதையை மனை போட்டு விற்பவன் மதில் எழுப்பி மூடியதிலிருந்து வந்த வம்பு இது. அவனை யாராலும் அசைக்க முடியவில்லை. மிச்சம் இருந்தது உலகநாதனின் கழனி. ஊரே திரண்டு வந்து கேட்டது. "தீர்வ கட்றவன் நானு, பாதை உங்களுக்கா?" என்று வரப்பு முனையில் கேட் போட்டுப் பூட்டினார். செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போய்த் தடை உத்தரவும் வாங்கிவிட்டார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இன்றைக்குப் பிணத்துக்கு விட்டால் நாளைக்கு டிராக்டர் வரும், அப்புறம் அரசாங்கக் கணக்கிலேயே பாதை என்று ஏறிவிடும். முக்கால் ஏக்கர் வைத்திருப்பவன் எதை விட்டுக்கொடுப்பான்? ஆனால் போன ஐப்பசி மழையில் எதிர்வீட்டுத் தீனதயாளன் தன் அம்மாவின் பாடையோடு அந்த கேட்டில் நின்று கெஞ்சியதை வசந்தா கண்ணால் பார்த்தாள். இவர் பூட்டைத் திறக்கவே இல்லை. நனைந்துகொண்டே ரோடு சுற்றிப் போனார்கள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் குழம்பு நன்றாயிருக்கிறது என்று இன்னொரு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

இன்று காலை சாவு செய்தி கேட்டு முதலில் வந்து மூங்கில் வெட்டியது அதே தீனதயாளன்தான். சாவுக்கு வராமல் இருக்க முடியுமா?

பாடை தூக்கினார்கள். பார்த்திபன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தான். தெருமுனைவரைதான் பெண்கள் வரலாம். அங்கிருந்து இடதுபக்கம் கேட், வலதுபக்கம் தார்ரோடு. பார்த்திபன் வலதுபக்கம் திரும்பினான். வெயில் மண்டையைப் பிளந்தது. நேற்றுவரை மடை பார்க்கப் போய்வந்த மனுஷனை ஊரைச் சுற்றித் தூக்கிக்கொண்டு அலைவதா? வசந்தா இடுப்பில் இருந்த சாவியை உருவிக்கொண்டு முன்னால் போனாள்.

தீனதயாளனின் மனைவி கல்யாணி கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, பொம்பளைங்க இதுக்கு மேல போவக்கூடாதுக்கா."

வசந்தா உதறிவிட்டுப் போய்ப் பூட்டைத் திறந்தாள். கேட்டை அகலத் தள்ளினாள்.

"ம்மா! கேஸு போயிடும்மா!" பார்த்திபன் கத்தினான்.

"போனா போவட்டும்டா. அவுரு கழனி, அவுரு நடந்த வரப்பு. இப்டி எடுத்துகினு வாங்க."

மேளம் நின்றது. தூக்கியிருந்தவர்கள் முன்கொம்பில் இருந்த தீனதயாளனைப் பார்த்தார்கள். அவன் மூங்கிலைத் தோள் மாற்றிக்கொண்டான். திறந்த கேட்டையும் அதற்கு அப்பால் இருந்த பச்சை நாற்றையும் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"வேணாம் அண்ணி," என்றான். "எங்கம்மா போன வழியிலயே அண்ணனும் போவட்டும்."

குரலில் கோபம் இல்லை.

பாடை தார்ரோட்டில் ஏறியது. பெண்கள் தலைமுழுகக் கூப்பிட்டார்கள். வசந்தா போகவில்லை. கேட்டில் நின்று பார்த்தால் கழனிக்கு அந்தப்பக்கம் ரோடு முழுசாகத் தெரிந்தது. பின்னால் வந்த மணல் லாரி விடாமல் ஹாரன் அடித்தது. பாடை மெல்ல ஓரம் கட்டியது. லாரி போய், புழுதி அடங்கும்வரை நின்றுவிட்டு, மறுபடி நகர்ந்தது.