நேர் எதிரே இருந்தது

பனாயிஸ் கேப்டன் என் அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்ததும் கதவைச் சாத்தச் சொன்னார்.

"மேமா, உன்கிட்ட இருக்கிற ரெண்டு படகுல பெரிசை நான் எடுத்துக்கறேன்."

"ரூபினா அக்காவுக்குச் சின்னதுதானே பிடிச்சிருக்கு?"

"அதனாலதான் அவ இல்லாதப்ப வந்திருக்கேன்."

எங்கள் தீவில், ஆர்கோஸ்டோலி ஊரில் நான் பழைய சொகுசுப் படகுகளை விற்றுக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். விரிகுடாவின் மறுகரையில் இருக்கும் லிக்சூரிக்காரர்கள் எங்கள் ஊர்க்காரனிடம் லேசில் எதையும் வாங்க மாட்டார்கள். கேப்டன் வந்ததே எனக்குப் பெருமை. நாற்பது ஆண்டுகள் கடலில் இருந்தவர். கால்பந்து மைதானம் கொள்ளாத எண்ணெய்க் கப்பல்களைச் சிங்கப்பூர் நெரிசலில் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் லிக்சூரிக் கடைத்தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"பெரிய படகுன்னா ஓட்டறதுக்குச் சம்பளத்துக்கு ஒரு ஆள் வைக்கணும், இல்லையா?" என்றார்.

"வெச்சுத்தான் ஆகணும். அவனுக்குன்னு பின்னாடி தனி அறையே இருக்கு. ஆனா உங்களுக்கு எதுக்கு இன்னொரு கேப்டன்?"

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, கோழி பார்ப்பதுபோல ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார்.

"உன் காது தெரியுது. தோள் தெரியுது. மூஞ்சி இருக்கிற இடத்துல சாம்பல் கலர்ல ஒரு பொட்டுதான்டா தெரியுது. ரெண்டு கண்ணுலயும் நடுப்பகுதி போயிடுச்சு. ஏதென்ஸ் டாக்டர் கையை விரிச்சுட்டான். ஓரம் மட்டும் நிக்கும்னான்."

காரை ஏப்ரலில் விற்றிருந்தார். இந்தத் தீவு ரோட்டுக்குக் கார் எதற்கு, நடந்தால் உடம்புக்கு நல்லது என்று மனைவி ரூபினாவிடம் சொல்லியிருந்தார். அவரும் நம்பிவிட்டார். ஆள் வைத்து ஓட்டும் படகு இருந்தால் ஊரும் நம்பிவிடும். வசதியான கேப்டன் சாய்ந்து உட்கார்ந்து காபி குடிக்கிறார், அவ்வளவுதான்.

"அக்காகிட்ட சொல்லிடலாமே."

"சொன்னா, நாளைக்கே கையைப் பிடிச்சு ரோடு கடத்திவிடுவா. வேண்டாம்டா."

ரூபினா அக்காவின் கணக்கு வேறு. லிக்சூரியில் மருந்துக்கடை நடத்திய அவர், கடையைக் கொடுத்துவிட்டு இந்தப் படகுக்காகக் காத்திருந்தார். பெரிய படகைச் சுற்றிப் பார்த்த அன்று படிக்கட்டு, குளிர்பதனப் பெட்டி, எஞ்சின் சத்தமே கேட்காத படுக்கையறை எல்லாவற்றையும் தலையசைத்துப் பார்த்தார். மேல்தளத்துக்கு வந்ததும், "ஓட்டல் நல்லா இருக்கு. கடல் எங்க?" என்றார். எட்டிப் பார்த்தால் தண்ணீர் ஒரு மாடி உயரம் கீழே இருந்தது.

இறங்கும்போது என்னிடம் தனியாகச் சொன்னார்: "நாப்பது வருஷம் இவன் கப்பல்ல முப்பது ஆம்பளைங்களோட இருந்தான். நான் இங்க தனியா இருந்தேன். இனிமேலும் எவனோ ஒருத்தன் பக்கத்து அறையில குறட்டை விட, அவனுக்கு நான் காபி போட்டுக்கிட்டு இருக்கணுமா? நானும் அவனும் மட்டும். வேற யாரும் வேண்டாம் மேமா."

மறுவாரம் சின்னப் படகைக் கடலில் ஓட்டிப் பார்க்கும் நாள். வரமாட்டேன் என்று கேப்டனால் சொல்ல முடியவில்லை. ஓட்டமாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை. நான் அவர் தோளோடு ஒட்டி நின்று, முன்னால் என்ன இருக்கிறது என்று காதில் சொல்லிக்கொண்டே வருவதாக ஏற்பாடு. ரூபினா படகின் முன்முனையில் காலை நீட்டி உட்கார்ந்து, சிவப்புச் சர்க்கரை பூசிய பாதாமைக் கொறித்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் காலை. எண்ணெய் ஊற்றியதுபோலக் கடல் அசையாமல் கிடந்தது. பாலிக்கி முனையைச் சுற்றி யெரோகோம்போ கலங்கரை விளக்கத்தைத் தாண்டினோம். அங்கே கடலடி திடீரென்று இறங்கிவிடும். பச்சையாக இருந்த தண்ணீர் நீலமாகி, கொஞ்ச தூரத்தில் மையாகிவிட்டது. கீழே எங்கள் தீவின் மலையைக் கவிழ்த்து வைத்தாலும் தரை தட்டாது. எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்த இடத்துக்கு வந்தால் இன்றும் என் குரல் தானாகத் தணிந்துவிடும்.

"முன்னாடி ஒண்ணுமே இல்ல கேப்டன். இத்தாலி வரைக்கும் தண்ணிதான்," என்றேன்.

அவர் சிரித்தார். சுக்கானைப் பிடித்த கை தளர்ந்து, அழகாக இருந்தது. அப்போது எஞ்சின் சூடு காட்டும் விளக்கு எரிந்தது. ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

ரூபினாவின் குரல் அங்கேதான் கேட்டது.

"பனாயி! நிறுத்து! முன்னாடி!"

"எது?"

"நேரா முன்னாடி! கண்ணு தெரியலையா உனக்கு?"

படகின் வேகம் குறையவில்லை. நான் ஏணியில் பாய்ந்து ஏறியபோது ரூபினா முனையிலிருந்து ஓடிவந்து இரண்டு எஞ்சின் லீவரையும் பின்னுக்கு இழுத்துவிட்டிருந்தார். எங்கள் பின்னால் வந்த எங்களுடைய அலையே படகைத் தூக்கி இறக்கியது. எஞ்சினை அணைத்தேன்.

முதலில் அதை உயிர் என்றே என் மனம் ஏற்கவில்லை. வரைபடத்தில் இல்லாத ஒரு பாறை என்றுதான் நினைத்தேன். சுருக்கம் விழுந்த ஈயத் தோல். அதன்மேல் தண்ணீர் ஓடி வழிந்தது. பிறகு பாறை மூச்சு விட்டது. முன்பக்கம் இடதாகச் சாய்ந்து ஒரு வெள்ளைப் புகை எழுந்து, மெல்ல மிதந்துவந்து எங்கள் முகத்தில் ஈரமாகப் படிந்தது. பழைய மீனும் ஈரமண்ணும் கலந்த வாடை.

எண்ணெய்த் திமிங்கிலம். படகு சறுக்கிப் போய் அதன் பக்கத்திலேயே நின்றிருந்தது. அதன் தலை எங்கள் முனையைத் தாண்டியிருந்தது, முதுகு எங்கள் பின்புறத்தையும் தாண்டிப் போயிருந்தது. எங்களை அது பொருட்படுத்தவே இல்லை. களைத்துப்போன ஒருவர் மூச்சு வாங்கிக்கொள்வதைப்போல, ஒவ்வொரு மூச்சாக எடுத்துக்கொண்டிருந்தது.

ரூபினா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு, அதற்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, "இவ்வளவு பெரிசு உனக்குத் தெரியலையா பனாயி?" என்றார்.

கேப்டன் சுக்கானைவிட்டுக் கையை எடுக்கவில்லை. "நேரா இருக்கிறது எதுவும் தெரியாது ரூபினா."

"எப்போலேருந்து?"

"கார் வித்ததுலேருந்து."

"என் மூஞ்சி?"

"தோடு தெரியுது."

திமிங்கிலம் மறுபடி மூச்சு விட்டது. அந்தப் பெரிய ஒலிக்கு முன்னால் யாராலும் சண்டை போட முடியாது. ரூபினாவின் கண்ணில் கோபம் வந்ததைப் பார்த்தேன். அது அங்கேயே காத்து நின்றதையும் பார்த்தேன்.

"பெரிய படகு அதுக்குத்தானா? நான் உன் பகட்டுன்னு நினைச்சேனே." பிறகு, "ஓரத்துல தெரியும்ங்கற?"

"தெரியும்."

அவர் கேப்டனின் தாடையை இரண்டு கையாலும் பிடித்தார். குழந்தைக்கு முகம் கழுவுகிறவர்போல அதைத் திருப்பினார், கலங்கரை விளக்கத்தின் பக்கம், கொஞ்சம் கொஞ்சமாக.

"இப்போ?"

"இல்ல."

"இப்போ?"

கேப்டனின் கை சுக்கானிலிருந்து நழுவியது. "அம்மாடி," என்றார். "கருப்பா... போயிக்கிட்டே இருக்கே. இதுக்கு முடிவே இல்லையா?"

"இருக்கு. அங்க, வால் பக்கம். அசையாதே, நான் திருப்பறேன்."

அப்படியே, நுனியிலிருந்து நுனிவரை, அவருக்கு அதைக் காட்டினார். நாற்பது ஆண்டுகள் கடலைப் பார்த்த மனிதர், முதல்முறை கடலுக்கு வந்தவர்போல அழுதுகொண்டிருந்தார். நான் பாதாம் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன். அதை எப்போது எடுத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு அந்த முதுகு வளைந்தது. வளைந்துகொண்டே இருந்தது. கடைசியில் வால் எழுந்தது. எங்கள் படகின் அகலத்தைவிடப் பெரிய வால், நீர் சொட்டச் சொட்ட, வானத்துக்கு எதிரே ஒரு கணம் நின்றது. ஒரு சலசலப்புகூட இல்லாமல் உள்ளே போயிற்று. அது போன இடத்தில் கண்ணாடிபோல வழவழப்பான ஒரு வட்டம் மட்டும் மிதந்தது.

கேப்டன்தான் முதலில் தலையைச் சாய்த்தார்.

"சத்தம் கேக்குதா?"

டக். டக். டக். தச்சன் தூரத்தில் ஆணி அடிப்பதுபோல. படகின் அடியிலிருந்து வந்தது. கேப்டன் முழங்காலிட்டு, தரையில் காதை வைத்தார். ரூபினாவும் எதிரே படுத்துக் காதை வைத்தார். பிறகு நானும்.

"கீழே இருட்டுல இரை தேடுது," என்றார் கேப்டன். "நாப்பது வருஷம் இதுங்க மேலதான் போயிருக்கேன். எஞ்சினை அணைச்சதே இல்ல. ஒருதடவைகூட இதைக் கேட்டதில்ல ரூபினா."

ஒலி மெல்லியதாகி, இன்னும் ஆழத்துக்கு இறங்கி, கேட்கிறதா இல்லையா என்றாகிவிட்டது. பலகையில் கன்னம் பதிய அவர்கள் இருவரும் எதிரெதிரே அப்படியே கிடந்தார்கள்.

ரூபினா எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டார். "நகரு," என்றார்.

"உனக்கு ஓட்டத் தெரியாதே."

"உனக்குப் பார்க்கத் தெரியாது. நீ வழி சொல்லு. நான் பார்த்துச் சொல்றேன்."

லிக்சூரித் துறையில் படகைப் பின்புறமாக எடுத்துக் கரையோடு கட்ட வேண்டும். அந்த நேரத்தில் அங்கே காபி குடிப்பவர்களுக்கு அதைவிட நல்ல நாடகம் கிடையாது. கேப்டன் முனைக்குப் போய் நங்கூரச் சங்கிலியைக் கையால் தடவி இறக்கினார். ரூபினாவின் முதல் முயற்சியில் காற்று படகைக் கோணலாகத் தள்ளியது. சங்கிலியை ஏற்றி மறுபடி சுற்றி வர வேண்டியதாயிற்று. நான் லீவரைத் தொடப் போனதும் என் கையில் ஓர் அடி விழுந்தது.

முடிதிருத்தும் ஸ்டாதிஸ் நாற்காலியிலிருந்தே கத்தினான்: "என்ன கேப்டன், எண்ணெய்க் கப்பல் ஓட்டினவர் சங்கிலி எண்ணப் போயிட்டீங்க? சுக்கானை வீட்டுல பறிச்சுட்டாங்களா?"

துறை முழுக்கச் சிரித்தது. கேப்டன் நிமிர்ந்தார். சிரித்து மழுப்பிவிடுவார் என்று நினைத்தேன்.

"கண்ணு போச்சுடா ஸ்டாதிஸ்! நடுவுல ஒண்ணும் தெரியல. இனிமே அவதான் ஓட்டுவா. போய் ஊரெல்லாம் சொல்லு!"

வாய்க்குப் போன கோப்பைகள் பாதியில் நின்றன. ஸ்டாதிஸ் தன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அப்போ போன மாசம் சீட்டாட்டத்துல தோத்தது கண்ணாலயா?"

"இல்லடா. நீ கள்ள ஆட்டம் ஆடினே. அது குருடனுக்கும் தெரியும்!"

"வம்பளந்தது போதும்," என்றார் ரூபினா, தலையைத் திருப்பாமலே. வியர்வை அவர் கழுத்தில் ஓடியது. "எவனாவது எழுந்து கயிறைப் பிடிங்க. மேமா, அந்தப் பெரிசை வேற யாருக்காவது காட்டு. பனாயி, நேராத்தான் போறேனா?"

"சங்கிலி நேரா இறங்குது. வா. கரைக்கு எவ்வளவு?"

"ஒரு படகு நீளம்."

"வா. இப்போ?"

"ஒரு கட்டில் நீளம்."

"நிறுத்து."

படகு கல்லைத் தொடாமல் நின்றது. ஸ்டாதிஸ்தான் எழுந்து வந்து கயிறைப் பிடித்தான்.