தயாவதியின் அறைக்கு மச்சு

அர்ஜுனன் ஆசாரி சுண்ணாம்பு தோய்த்த நூலைச் சுவரில் இழுத்துப் பிடித்துச் சுண்டினார். தயாவதியின் தலைக்கு ஒரு சாண் மேலே வெள்ளைக் கோடு விழுந்தது. அந்த அறைக்கு இருந்தது ஒரே ஜன்னல். மேற்கே பக்கத்து வீட்டு ஓடு ஒட்டிக்கொண்டு நின்றதால் அதற்கும் மேலே, உயரத்தில் வைத்த ஜன்னல். இப்போது அது கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

"மூட்டை அடுக்கற பலகை மச்சு வந்துட்டா கீழ வெளிச்சம் இருக்காது நயினாரே," என்றார் ஆசாரி.

"மூட்டைக்குக் காத்து வேணும்பா," என்றார் சுமதிநாதன்.

சுமதிநாதன் அவள் புருஷனுக்கு அண்ணன். புருஷன் ரிஷபதாஸ் மஞ்சள் காமாலையில் போய் ஆறு வருஷம். பருத்திக்குன்றத்துப் பெரியவர்கள் நாலு பேர் கூடத்தில் உட்கார்ந்து, பிள்ளையில்லாத அவளுக்கு ஆயுசு உள்ள மட்டும் அந்த அறை, அதிலேயே தனி அடுப்பு என்று பேசி முடித்தார்கள். தரையைத்தான் பேசினார்கள். அந்தரத்தைப் பற்றி யாருக்குப் பேசத் தோன்றும், சொல்லுங்கள்? அதன் பிறகு கிணற்றுக்கு பம்பு செட்டு வந்தது, ஐ.ஆர். எட்டு நெல் வந்தது. ஒன்றுக்கு இரண்டாய் விளைந்து, கூடமும் நடையும் மூட்டையாகி, மனுஷர்கள் ஒருக்களித்து நடக்கிற வீடாகிப்போனது. மூட்டை வைக்க இடம் தேடின கண்ணில் அவள் தலைக்கு மேலே இருந்த வெற்றிடம் பட்டது.

உத்திரத்துக்கென்று பழைய மாட்டுக்கொட்டகையிலிருந்து எடுத்த மாமரத்தை ஆசாரி இழைக்க ஆரம்பித்தபோது, உள்ளிருந்து மாவு மாவாய்க் கொட்டியது. வண்டு. மண்ணெண்ணெய் ஊற்றினால் ஒரு ராத்திரியில் சரியாகிவிடும் என்றார் ஆசாரி. சுமதிநாதன் பதறிப்போனார். அத்தனை உயிரையும் கொன்றுவிட்டா வீட்டுக்குள் மரம் ஏற்றுவது? மரத்தைக் கொண்டுபோய்ப் புளியமரத்து நிழலில் போடச் சொன்னார். வெயில் படக்கூடாது, எறும்பு ஏறக்கூடாது, அதுகளாக வெளியே போகிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது.

"வண்டுங்களுக்கு நோட்டீஸ் குடுத்துக்கினு இருக்காரு நயினாரு," என்று ஆசாரி உளியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "காலி பண்ணதும் சொல்லி அனுப்புவாராம்."

தயாவதி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான், வண்டுக்குக் கிடைத்த நோட்டீஸ்கூடத் தனக்குக் கிடைக்கவில்லை என்று உறைத்தது.

சமணர்களான நயினார் வீடுகளில் பொழுது சாய்ந்தால் சோறு கிடையாது. இருட்டில் இலையில் எந்தப் பூச்சி விழுந்தது என்று தெரியாது. விளக்கு வைத்தால் அந்த விளக்குக்கே பூச்சி வந்து சாகும். அறுப்புக் காலத்தில் களத்தில் நெல் துழாவிவிட்டு தயாவதி வீடு வரவே ஐந்தாகும். மேல் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும் அந்த ஒரு துண்டு வெயிலில்தான் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். நாளெல்லாம் அடுத்தவர் நெல்லைத் துழாவினவளுக்கு அந்தக் கால் மணி நேரம் தன்னுடையது.

மரம் நிழலில் கிடந்த ஐந்தாம் நாள் அவள் மூத்தார் சுமதிநாதனிடம் போய் நின்றாள்.

"மாமா, மச்சு போட்டா காலைல கதவு வழியா வர்ற வெளிச்சந்தான், என் ரூமு ரெண்டு மணிக்கே இருட்டிக்கும். சாயங்காலம் நான் எங்க உக்காந்து சாப்புடறது?"

அவர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தி, கனிவாகத்தான் சொன்னார். "ஒரு வேளையோட நிறுத்திக்கறது பெரிய விரதம்மா. எல்லாருக்கும் அந்தப் பாக்கியம் கெடைக்காது."

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவர் பெண்சாதி, ஓரகத்தி மதனவதி, தலை நிமிராமல் சொன்னாள். "ஏன், என் சமையக்கட்டுல வந்து உக்காரட்டுமே. நானா வேணாம்னேன்?"

அங்கே போய் ஒருநாள் உட்கார்ந்தால், பிறகு உனக்கு அறை எதற்கு என்ற கேள்வி மறுநாளே வரும். அது தயாவதிக்குத் தெரியும். மதனவதிக்கும் தெரியும். தயாவதி களத்துக்குப் போனாள்.

வண்டு போனதோ இல்லையோ, எட்டாம் நாள் மரம் உள்ளே வந்தது. குறுக்குச் சட்டம், பலகை, மூலையில் ஆள் நுழைகிற அளவு திறப்பு, அதற்கு அவள் அடுப்புப் பக்கமே சாத்தின ஏணி. மூட்டை ஏற ஏற, பலகை இடுக்கு வழியாகத் தவிட்டுத் தூசி அவள் பாயில் விழுந்தது. காலைச் சோற்றோடு நிறுத்திக்கொண்டாள். முதல் வாரம் சாயங்காலம் ஆனால் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தாள். பிறகு இருட்டு பழகிவிட்டது, பசி பழகவில்லை.

விஷயம் எப்படியோ ஊருக்குள் போயிற்று. தயாவதி ஒருவேளை விரதம் எடுத்திருக்கிறாளாம், இந்த வயசிலேயே என்ன வைராக்கியம் என்று பேசிக்கொண்டார்கள். கரந்தையிலிருந்து ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்த தனலட்சுமி அம்மாள், தெருப் பெண்கள் மூன்று பேரோடு, வாழைப்பழமும் தேங்காயும் தட்டில் வைத்துக்கொண்டு அவளைப் பார்க்க வந்தார். களத்திலிருந்து கொல்லைப்பக்கமாக நுழைந்த தயாவதியின் காதில் கூடத்துப் பேச்சு விழுந்தது. மூத்தார் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாங்க யாரும் சொல்லலைங்க. அதுவா எடுத்துக்கின விரதம்."

தயாவதி முந்தானையை இழுத்துச் செருகினாள். அப்புறம் கால் கழுவினாள். சட்டியில் மிச்சமிருந்த காலைச் சோற்றைத் தட்டில் போட்டாள், அவரைக்காய்க் கூட்டை அதன்மேல் கவிழ்த்தாள். ஒரு கையில் தட்டும், இடுப்பில் செருகின டம்ளருமாக ஏணியில் ஏறினாள்.

மேலே எவ்வளவு வெளிச்சம். மூட்டைகளின் முதுகெல்லாம் மஞ்சளாய்க் காய்ந்துகொண்டிருந்தன. தலையைக் குனிந்து, ஜன்னலோரம் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து பிசைந்தாள். அவசரமில்லாமல், ஒவ்வொரு கவளமாக.

கீழே அறைக்குள் காலடிச் சத்தம், கூடவே மதனவதியின் வளையல் சத்தம். "இருட்டா இருக்குதே, தயாவதி எங்க?" என்றது தனலட்சுமி அம்மாள் குரல். ஜபத்தில் இருப்பாள் என்றார் சுமதிநாதன்.

தயாவதி திறப்பண்டை நகர்ந்து வந்தாள்.

"அக்கா, கொஞ்சம் மோர் குடு. சோறு தொண்டைய அடைக்குது."

திறப்பு வழியாக அவள் கை கீழே இறங்கி வந்தது. விரல்களில் சோற்றுப் பருக்கை, அதே கையில் காலி டம்ளர். தட்டேந்தின பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மதனவதி டம்ளரைப் பார்த்தாள், பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள். டம்ளர் வெயில் பட்டு மின்னிக்கொண்டு அந்தரத்திலேயே நின்றது. பொழுது சாய இன்னும் கொஞ்சம் இருந்தது.