அருளம்பலத்தின் பாட்டு

அருளம்பலத்தை உட்துறைமுக வீதியில் வைத்துச் சுட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆட்கள் வேலைக்குப் போகிற நேரம். யார் சுட்டதென்று பார்த்தவர்களும் சொல்லவில்லை. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு திருகோணமலையில் அதைத் துருவிக் கேட்க யாருக்கும் துணிவும் இல்லை.

பகலில் அவன் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞன். கலியாண வீடுகளில் பாட்டுக்காரன். அவனோடு எட்டு வருடம் இசைக்குழு நடத்தியவள் பாலையூற்றில் இருந்த இன்பமலர். கனடாவிலிருந்து தம்பி அனுப்பிய தாளப் பெட்டி ஒன்று அவளிடம் இருந்தது. அதில் பதினாறு ரப்பர் கட்டைகள். தட்டினால் தவிலோ மணியோ மனிதக் குரலோ, எதைப் பதிந்து வைத்தாளோ அது ஒலிக்கும். பல்லவி, சரணம், இடையிசை என்று துண்டு துண்டாகப் பதிந்துவிட்டு, எதற்குப் பின் எது வரவேண்டுமென்று இலக்கம் கொடுத்தால் பெட்டி முழுப் பாட்டாகக் கோத்துத் தரும்.

சாவதற்கு முந்திய ஞாயிறு, தானே எழுதிய பாட்டொன்றை அருளம்பலம் அதில் பாடியிருந்தான். மூதூரிலிருந்து லாஞ்சிப் படகில் வீடு திரும்புகிற ஒருவனின் பாட்டு. ‘கரையே காத்திரு, நான் வருவேன்’ என்பது பல்லவி. முதல் சரணம் முழுக்கக் காற்றும் அலையும். இரண்டாவதில், மனைவி குசினியில் மீன் பொரிக்கிற வாசம் நடுக்கடல் வரைக்கும் வந்துவிடுகிறது. அந்த இடத்தில் அவனுக்கே சிரிப்பு வந்து குரல் தடுக்கியது. “பிறகு திருத்திப் பாடுவம்” என்று போனவன்தான்.

அவனுடைய எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் இரண்டு பேர் இன்பமலர் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். எந்த இயக்கமென்று அவர்களும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மூத்தவன் மரியாதையாகத்தான் கதைத்தான்.

“அக்கா, அருளம்பலம் கடைசியாப் பாடின பாட்டு உங்களிட்ட இருக்காம்.”

போட்டுக் காட்டினாள். பல்லவியை மூன்று தரம் கேட்டான்; மூன்றாம் தரம் கூடவே முணுமுணுத்தான்.

“இரண்டாம் சரணத்தை எடுத்துவிடுங்கோ. பல்லவியைக் கூடப் போடுங்கோ. இடையில அணிநடை மேளம். அவர் எங்கட ஆள் எண்டு சனத்துக்கு விளங்க வேணும்.”

“அவர் ஒரு பக்கமும் நிக்காதவர், தம்பி.”

“இனி நிப்பார். வெள்ளிக்கிழமை வாறம்.”

அவர்கள் போனதும் இன்பமலர் பயத்தில் செய்தும் பார்த்தாள். பல்லவி, முதல் சரணம், பல்லவி, மேளம், மறுபடி பல்லவி. அரை மணித்தியால வேலை. போட்டுக் கேட்டாள். குரல் அருளம்பலத்தினுடையதுதான், சொல்லும் அவன் சொல்தான். ஆனால் வீட்டுக்கு வருகிறேன் என்று மனைவிக்குச் சொன்னவன், இப்போது துவக்கோடு வருகிறேன் என்று யாரையோ மிரட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் உவர்மலைக்குப் போய் அவன் மனைவி பூரணியைக் கூட்டிவந்து விஷயத்தைச் சொன்னாள். பூரணி கதிரையின் நுனிக்கு வந்தாள்.

“இது வெளியில வந்தா மற்றப் பக்கம் எங்களை இருக்க விடுமே? ரெண்டு பிள்ளையளோட நான் எங்க போறது? அழிச்சுப்போடுங்கோ அக்கா.”

“அவற்ற குரல் வேற எங்கயும் இல்லை, பூரணி. ஒரு கசெற்றில அடிச்சுத் தரட்டே?”

“வீட்டுச் சோதினைக்கு வந்தா எங்க ஒளிக்கிறது? ஏலாது.” பிறகு மெல்லக் கேட்டாள், “ஒருக்காக் கேட்டிட்டு அழிப்பமே?”

இன்பமலர் பழைய ஒழுங்குக்கு இலக்கங்களை மாற்றி, காதுக் கருவியைப் பூரணியின் தலையில் மாட்டினாள். அறையில் சத்தமில்லை. பூரணியின் முகம்தான் தெரிந்தது. இரண்டாம் சரணம் வந்திருக்க வேண்டும். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“பொய்க்காரன்,” என்றாள். “நான் பொரிச்சாக் கருகிப்போகுமெண்டு எத்தனை நாள் சண்டை பிடிச்சவர்.”

துண்டுகளை ஒவ்வொன்றாகத்தான் அழிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் பெட்டியின் சிறு திரை ‘நிச்சயமா’ என்று கேட்டது. கடைசித் துண்டை அழிக்க இன்பமலருக்கு விரல் வரவில்லை. பூரணி எட்டித் தானே அழுத்தினாள்.

வெள்ளிக்கிழமை வந்தவர்களிடம், கரண்ட் போய் எல்லாம் அழிந்துவிட்டதென்று இன்பமலர் சொன்னாள். மூத்தவன் குனிந்து பெட்டியின் வயரைக் கழற்றினான்.

“பொய் எண்டு தெரியும். பொம்பிளையெண்டபடியா விடுறம்.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பத்து நாள் கழித்து அந்தப் பல்லவி வானொலியில் வந்தது. வேறு யாரோ பாடியிருந்தார்கள். பாட்டு முடிந்ததும் அருளம்பலத்தின் பெயரைச் சொல்லித் தங்கள் தியாகி என்றார்கள். அந்தக் கிழமையே மற்றப் பக்கத்தார் பூரணியை விசாரணைக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்தபின் விடுவித்தார்கள். திரும்பி வந்தவள் வீட்டைப் பூட்டினாள்.

வவுனியா பஸ்ஸில் ஏற்றிவிட இன்பமலர் போனாள். பிள்ளைகள் யன்னலோரம் இருந்தார்கள். பூரணியின் இடது கையில் துணி சுற்றியிருந்தது.

“வீணா அழிச்சுப்போட்டம், என்ன?” என்றாள் இன்பமலர்.

“இல்லை அக்கா. அந்தப் பாட்டு அவற்ற வாயால வரேல்லத்தானே. எனக்கு அது போதும்.”

பஸ் புறப்பட்டது. அடுத்த சந்திச் சோதனைச் சாவடியிலேயே மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். பூரணி பிள்ளைகளோடு வரிசையில் போய் நிற்பதை இன்பமலர் தூரத்திலிருந்து பார்த்தாள். பஸ் மறுபடி நகர்ந்த பிறகுதான் வீட்டுக்கு நடந்தாள்.