காற்று தின்ற குழாய்

லஸ்ஹருக்கு வேலை போகப்போகிறது என்று காபெஸ் நகரத்து ரசாயன ஆலையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தொட்டியிலிருந்து குளத்துக்கு அமிலக் கழிவுநீர் கொண்டுபோக அவர் பற்றவைத்த எஃகுக் குழாய், ஒரே குளிர்காலத்தில் சல்லடையாகிவிட்டது.

"பத்தவைக்கத் தெரியாதவன்கிட்ட கொடுத்தா இப்படித்தான்" என்றார் மேலாளர் ஷத்லி. அதே நீரைச் சுமந்த பழைய குழாய் பல வருடம் உழைத்ததே என்று லஸ்ஹர் கேட்டது எடுபடவில்லை.

ஆய்வகத்தில் இருக்கும் நான் ஓட்டை விழுந்த துண்டை அறுத்துப் பார்த்தேன். பற்றவைத்த இடம் மட்டுமல்ல, உட்புறம் முழுவதுமே மெலிந்திருந்தது. நீரில் அமிலமும் கூடவில்லை.

மாதிரி எடுக்கத் தொட்டிக்குப் போனபோது, நீர் உயரத்திலிருந்து கொட்டி நுரைத்துக்கொண்டிருந்தது. தொட்டிக்கு நீர் கொண்டுவரும் குழாயின் முனை முன்பெல்லாம் நீருக்குள் மூழ்கியிருக்கும்; இப்போது நீர்மட்டத்துக்கு மேலே வெட்டப்பட்டிருந்தது.

"யாரு சாச்சா இதை வெட்டினது?"

பம்புக்குக் காவலிருக்கும் பூபக்கர் சிரித்தார். "நம்ம லஸ்ஹர்தாம்மா, புதுக் குழாய் போட்டப்போ. முட்டி வலியோட எழுந்து எழுந்து பார்க்க முடியுதா? மதியம் லுஹர் தொழ உக்காந்தாலும் பம்பு ஓடுதா, நின்னுச்சான்னு மனசு அங்கேயே கிடக்கும். இப்போ பம்பு ஓடினா தண்ணி கொட்டுற சத்தம் கேட்குது, நிம்மதியாத் தொழறேன்."

அந்தச் சத்தத்தோடு காற்றும் நீருக்குள் இறங்குகிறதே என்று எனக்குத் தோன்றியது. தொட்டி நீரை இரண்டு குடுவைகளில் எடுத்தேன். ஒன்றில் நைட்ரஜனைக் குமிழவிட்டுக் காற்றை வெளியேற்றி மூடினேன். மற்றதில் காற்றைக் குமிழவிட்டேன். இரண்டிலும் அதே குழாயின் துண்டுகள்.

மறு வாரம் எடுத்துப் பார்த்தபோது என் வாயில் தானாகவே "சுப்ஹானல்லாஹ்" வந்தது. காற்றில்லாத நீரில் கிடந்த துண்டு ஏறக்குறைய போட்டபடியே இருந்தது. மற்றது அரிக்கப்பட்டு, விளிம்பு கத்திபோல் மெலிந்திருந்தது. அமிலம் தனியாக மெல்ல மெல்லக் கடிக்கும் இரும்பை, நீரில் கரைந்த பிராணவாயு சேர்ந்ததும் விழுங்கவே தொடங்கிவிடுகிறது. மீனுக்கு உயிர் கொடுப்பதும் அதேதான். என் மார்புக்குள் போய் வந்துகொண்டிருந்ததும் அதேதான்.

லஸ்ஹரிடம் காட்டினேன். "அப்போ பத்தவைச்சது கெட்டி, என் புத்திலதான் ஓட்டையா நஸீஹா?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் வெட்டினதைச் சொல்லிக்கோ. சாச்சா பேர் மட்டும் வேணாம். மனுஷன் நொந்துபோவார்."

சரியென்று தலையாட்டிவிட்டு ஷத்லியின் அறைக்குப் போனேன். பூபக்கர் எனக்கு முன்பே, முட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றிருந்தார். குடுவைகளை ஆய்வகத்தில் பார்த்து அவரே விசாரித்துத் தெரிந்துகொண்டாராம்.

"நான் கேட்டுத்தான் வெட்டினான். அனுப்புறதா இருந்தா என்னை அனுப்புங்க."

ஷத்லி இரண்டு துண்டுகளையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெறும் காத்தா இதைத் தின்னுச்சு?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் பயம் இருந்தது. பின் லஸ்ஹரை வரச் சொன்னார். "முனையை நீருக்குள்ள இறக்கு. புதுக் குழாயையும் நீயே பத்தவை. இனி எதை வெட்டினாலும் என்கிட்ட கேட்டுட்டு வெட்டு."

தொட்டி மறுபடி மௌனமானது. இப்போது அந்தப் பக்கம் போகிறவர்கள் பம்பை எட்டிப் பார்த்து, "ஓடுது சாச்சா!" என்று குரல் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். யாரும் யாரையும் இதற்கு ஏவவில்லை.

நேற்று லுஹர் நேரத்தில் ஷத்லியே காவல் அறை வாசலில் நின்றார்.

"நீங்க தொழுங்க சாச்சா. ஓடுது."