பழனிக்குமார் மண்டபத்து ஏசி

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நிமிர்ந்த ஜோஸ்பின் சித்திரை வெயிலில் அப்படியே நின்றுவிட்டாள். அவள் கட்டிக்கொடுத்த கல்யாண மண்டபத்தின் வெளிச்சுவரில் எட்டு ஏசி பெட்டிகள் தொங்கின. நேற்றுவரை அங்கே ஒன்றும் கிடையாது.

ஏசியே தேவைப்படாத கட்டடம் அது. இரட்டைச் சுவர், நடுவில் காற்று. மொட்டை மாடியில் சுண்ணாம்புப் பூச்சு. சூடு ஏறி வெளியேற உச்சியில் திறப்புகள். வண்டி நிறுத்துகிற இடத்துக்குச் சோலார் தகடுகளே கூரை, அதிலிருந்தே கரண்டு கார்களுக்குச் சார்ஜ். சம்பள வேலையை உதறிவிட்டுக் கம்பெனி தொடங்கிய ஜோஸ்பினுக்கு இதுதான் முதல் வேலை. இரண்டாவது இன்னும் வரவில்லை. வத்தலக்குண்டில் லாட்ஜ் கட்டப்போகும் ஈஸ்வரன் இன்றைக்கு இதைப் பார்க்க வருகிறார். அவர் சரி என்றால் கம்பெனி பிழைக்கும். இல்லையென்றால் பழைய முதலாளி முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"என்னண்ணே இது?" என்றாள் மண்டபத்துக்காரர் பழனிக்குமாரிடம்.

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். "சத்தம் போடாதம்மா. வெறும் கூடு, பெயிண்ட் அடிச்சு மாட்டிருக்கேன். வாரவன் எம் பொண்டாட்டியோட தம்பி. ஏசி போடக்கூட வக்கில்லாதவன்னு ஊரெல்லாம் சொல்லித் திரிவான்."

"உள்ளதான் குளுகுளுன்னு இருக்கேண்ணே."

"இருந்து? வெளிய தெரியணும்ல?"

ஜோஸ்பினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம் கரண்டு பில்லைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்ற மனுஷன். ஆளும் மீசையும் பார்த்தால் அய்யனார் மாதிரி. மச்சினனுக்குப் பயந்து சுவரில் ஓட்டைத் தகரத்தை மாட்டி வைத்திருக்கிறது இந்த ஜென்மம். கழற்றச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஈஸ்வரனின் கரண்டு கார் உள்ளே நுழைந்தது.

காரைச் சார்ஜில் போட்டுவிட்டு ஈஸ்வரன் மண்டபத்துக்குள் உட்கார்ந்தார். சார்ஜ் ஏறும்வரை அவருக்கும் வேறு போக்கிடம் இல்லை. செத்த நேரத்தில் சட்டை வியர்வை காய்ந்துவிட்டது.

"என்னமா குளுருது மச்சான். எந்தக் கம்பெனி ஏசி?"

"வெளிநாட்டு ஐட்டம் மாப்ளே," என்றார் பழனிக்குமார், கொஞ்சமும் கூசாமல்.

"சத்தமே இல்லையே?"

"அதான் வெளிநாடு."

ஈஸ்வரன் ஜோஸ்பின் பக்கம் திரும்பினார். "அப்ப உங்க பிளானெல்லாம் எதுக்கும்மா? சாதாரணமாக் கட்டிட்டு இந்த ஏசிய மாட்டிக்கிறேன். மச்சான், ஏசிக்காரன் நம்பரக் குடுங்க."

அவள் பழனிக்குமாரைப் பார்த்தாள். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கட்டடத்தின் குளிர்ச்சியே தன் பிழைப்பில் மண் போடுவதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"வெளிய வாங்க சார்."

கைக்கெட்டிய பெட்டி ஒன்றைத் தட்டினாள். டங்கென்றது. "கைய விட்டுப் பாருங்க. உள்ள மோட்டாரும் இல்ல, ஒண்ணும் இல்ல. குளுர வச்சது என் சுவரு."

பழனிக்குமாரின் முகத்தில் ஈயாடவில்லை. ஈஸ்வரன் கையை விட்டுத் துழாவினார். உள்ளே போய்ச் சுவரைத் தடவிவிட்டு வந்தார். சுவரைப் பற்றிக் கேட்பார் என்று ஜோஸ்பின் பதிலைத் தயாராக வைத்திருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கரண்டு பில்லும் வராது, பாக்குறவனுக்கு ஏசி மாதிரியும் இருக்கும். மச்சான், உங்களுக்கு இம்புட்டு மூளையா? இத்தன வருசமாத் தெரியாமப் போச்சே."

மச்சான் மீசையைத் தடவிக்கொண்டார்.

"உங்க பிளான்படியே கட்டிருங்கம்மா," என்றார் ஈஸ்வரன். "ஆனா எனக்குப் பன்னெண்டு பெட்டி வேணும்."

வேலை கிடைத்துவிட்டது. இரண்டு பேர் மூஞ்சியிலும் காறித் துப்பலாம் போலிருந்தது ஜோஸ்பினுக்கு. எச்சிலை விழுங்கிக்கொண்டு பழனிக்குமாரிடம் திரும்பினாள்.

"இந்தக் கூடெல்லாம் எந்தக் கடையில கெடைக்கும்ணே?"